தலை நிற்காத ஒன்று, ஓடத் துடிக்கும் ஒன்று: இருவருக்கும் எந்த ஸ்ட்ரோலர்?

இரண்டு குழந்தைகளுக்கும் எத்தனை மாத இடைவெளி? எந்த ஸ்ட்ரோலர் வாங்கலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. மூத்ததற்கு ஒன்றரை வயதாகும்போது அடுத்தது பிறந்தால், குறைந்தது இன்னும் ஒன்றரை வருடத்துக்கு இரண்டும் வண்டியில்தான் வெளியே வரும். மூத்ததற்கு மூன்று வயது நெருங்கிவிட்டதென்றால், அது வண்டி கேட்பது இன்னும் சில மாதங்கள்தான். அதுவும் கால் வலிக்கும்போதும் தூக்கம் வரும்போதும் மட்டும். இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே வண்டியைப் பரிந்துரைக்க முடியாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இடைவெளி இரண்டு வருடத்துக்குள் இருந்தால், இருக்கைகள் பக்கம் பக்கமாக உள்ள டபுள் ஸ்ட்ரோலர். இரண்டரை வருடத்தைத் தாண்டினால், நல்ல சிங்கிள் ஸ்ட்ரோலரும் பின்னால் மாட்டும் நிற்கும் பலகையும். முன்னும் பின்னுமாக இருக்கைகள் அமைந்த டேன்டம் வகை, லிஃப்ட் கதவோ வீட்டு வாசலோ மிகக் குறுகலாக இருப்பவர்களுக்கும், இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கும்.

எந்த வகையானாலும் முதல் சோதனை கைக்குழந்தையின் படுக்கைதான். தலை நிற்காத குழந்தை மட்டமாகப் படுக்க வேண்டும். பாதி சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படியும், மூச்சுப்பாதை ஒடுங்கும். ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 1888, பிறந்த குழந்தைக்கான இருக்கையில் உட்காரும் பகுதிக்கும் முதுகுப் பகுதிக்கும் இடையே குறைந்தது 150 டிகிரி கோணம் கேட்கிறது. விளம்பரத்தில் ‘நன்றாகச் சாயும்’ என்று போட்டிருப்பதை நம்பாமல், வண்டியில் தைத்திருக்கும் எச்சரிக்கை லேபிளைத் தேடிப் படியுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அதில் இருந்தால் அந்த இருக்கை கைக்குழந்தைக்கு ஆகாது. டபுள் வண்டிகளில் ஒரு இருக்கை மட்டும் இந்தத் தகுதி பெற்று, மற்றது பெறாமல் இருப்பதுண்டு. ஆகவே இரண்டு இருக்கைகளின் லேபிளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தொட்டில் போன்ற கேரிகாட் மாட்டும் வசதி இருந்தால் அதுவே மேல். பெரும்பாலான கேரிகாட்டுகள் சுமார் 9 கிலோ வரை, அல்லது குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கும் வரை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு அதன் காலம் முடிந்தது. கார் சீட்டை அப்படியே வண்டிச் சட்டத்தில் பொருத்தும் அடாப்டர், காரிலிருந்து இறங்கிச் சிறிது தூரம் போய்வர உதவும். அதையே நாள் முழுக்கப் படுக்கையாக்கக் கூடாது.

அடுத்தது மூத்ததன் எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் இடைநிலை எடை, 2 வயதில் ஆண் குழந்தைக்கு 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 கிலோ. 3 வயதில் 14.3, 13.9. அதாவது 15 கிலோ வரை தாங்கும் இருக்கை பல குழந்தைகளுக்கு மூன்றரை வயதுக்குள் எல்லையைத் தொட்டுவிடும், வாட்டசாட்டமான குழந்தைக்கு இன்னும் சீக்கிரம். ஈ.என். 1888 தரத்தின் முதல் பகுதி 15 கிலோ வரையிலான வண்டிகளுக்கு, இரண்டாம் பகுதி 15 முதல் 22 கிலோ வரை. முடிந்தால் 22 கிலோ இருக்கையே வாங்குங்கள். எடையைத் தாண்டினால் வண்டி உடனே உடைந்துவிடாது. ஆனால் மடிப்பு மூட்டுகள் தளரும், பிரேக் வழுக்கும், சக்கர அச்சு வளையும்.

பக்கம் பக்கமாக உட்காரும் வகையில் பெரும்பாலானவற்றின் அகலம் 72 முதல் 78 செ.மீ. வரை. பேபி ஜாகர் சிட்டி மினி ஜி.டி.2 டபுள் இந்த எல்லையின் மேல்முனையில் நிற்கிறது. அதன் பெரிய பலம் மடிப்பு: இரண்டு இருக்கைகளின் நடுவிலும் உள்ள வார்களைப் பிடித்து மேலே இழுத்தால் வண்டி இரண்டாக மடிந்துவிடும். புகபூ டாங்கி சட்டம் விரியக்கூடியது. ஒரு குழந்தைக்கு 60 செ.மீ., இருவருக்கு 74 செ.மீ. மூத்தது ஒரு நாள் வரவில்லை என்றால் சுருக்கிக்கொண்டு போகலாம், அந்த வசதி பெரிது. மவுன்டன் பக்கி டூயட் 63 செ.மீ.தான், சிங்கிள் வண்டி அளவுக்கே ஒடுக்கம். கதவு பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 63 செ.மீ.யில் சட்டத்தையும் சக்கரத்தையும் கழித்தால் ஒரு குழந்தைக்கு 30 செ.மீ. கூட மிஞ்சாது. கனமான உடை போட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு அது இறுக்கம். மாடல் புதுப்பிக்கும்போது அளவுகள் மாறுவதுண்டு, வாங்கும் பதிப்பின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த வகையில் நிஜமான சிரமம் அகலத்தைவிட எடை ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. ஒரு பக்கம் 13 கிலோ, மறுபக்கம் 4 கிலோ. கனமான பக்கத்துச் சக்கரம் அதிகமாக அழுந்துவதால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். இரண்டு கையாலும் தள்ளும்போது தெரியாது. ஒரு கையில் குடையோ போனோ வந்ததும் உடனே தெரியும். பெரும்பாலான சாலைகளும் நடைபாதைகளும் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும். அன்றாடம் போகும் பாதை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, மூத்ததை மேட்டுப்பக்க இருக்கையில் உட்காரவையுங்கள். சரிவு ஒரு பக்கம் இழுக்க, எடை மறுபக்கம் இழுக்க, வண்டி ஓரளவு நேராகப் போகும். காற்று டயர் என்றால் கனமான பக்கம் காற்று குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கவும்.

கைநீளும் தூரம் இன்னொரு சங்கதி. மூத்தது தூங்கும் கைக்குழந்தையின் கண்ணைத் தொடும், பிஸ்கட்டை ஊட்டப் பார்க்கும். கேரிகாட் மாட்டினால் அதன் சுவரே தடுப்பு. இருக்கையிலேயே படுக்கவைப்பதாக இருந்தால், நடுவில் துணித் தடுப்பு உள்ள மாடலாகப் பாருங்கள்.

டேன்டம் வகைக்கு வருவோம். அகலம் சிங்கிள் வண்டியளவுதான், நீளம்தான் கூடுதல். லிஃப்டின் கதவைவிட உள் ஆழத்தை அளக்க வேண்டும், தள்ளுபவரும் உள்ளே நிற்க வேண்டுமே. இவற்றில் பல, சிங்கிளாக வாங்கிப் பிறகு இரண்டாவது இருக்கை சேர்க்கும் வகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது இருக்கை முதல் இருக்கையின் நகல் இல்லை. உப்பாபேபி விஸ்டாவையே எடுத்துக்கொண்டால், முதன்மை இருக்கை சுமார் 22 கிலோ வரை தாங்கும், கூடுதலாக வாங்கும் ரம்பிள் சீட் சுமார் 16 கிலோ வரைதான். மற்ற பல வண்டிகளிலும் கீழ் இருக்கைக்குக் கால்வைக்க இடம் குறைவு, கூரை தாழ்வு, சாய்வும் அரைகுறை. ‘மூன்று வயது வரை’ என்று அட்டையில் இருந்தாலும், முழங்கால் மடங்கிய இருக்கையில் இரண்டரை வயதுக் குழந்தை பத்து நிமிடம் உட்காராது. கடையில் குழந்தையை உட்காரவைத்து, மேல் கேரிகாட்டையும் மாட்டியபின் அதன் தலைக்கும் கேரிகாட்டின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். கீழே பொருள் வைக்கும் கூடைக்குக் கை போகிறதா என்பதையும் அப்போதே சோதிக்கவும். கீழ் இருக்கை வந்ததும் கூடை பாதி மூடிவிடுவது வழக்கம்.

டேன்டத்தின் இன்னொரு குறை மேடு ஏற்றுவது. நடைபாதை விளிம்பில் முன்சக்கரத்தைத் தூக்க, கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும். பின் அச்சிலிருந்து எடை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம் தேவை. 13 கிலோ குழந்தை வண்டியின் முன்முனையில் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டு வலிக்கும். பக்கம் பக்கமான வண்டியில் இருவரும் அச்சுக்கு அருகில் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. நாங்கள் அதை முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இனி நிற்கும் பலகை. லாஸ்கல் பக்கி போர்ட் மாக்ஸி 2 வயது முதல் 22 கிலோ வரைக்கானது, பெரும்பாலான வண்டிகளில் பொருந்தும். மேலே செருகும் சிறிய இருக்கையும் தனியே கிடைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைக்கு நடப்பதும் ஏறி நிற்பதும் மாறி மாறிச் செய்யப் பிடிக்கும். ஆனால் பலகையில் தூங்க முடியாது. பகல் தூக்கம் இன்னும் விடாத குழந்தைக்கு இது போதாது. தள்ளுபவருக்கும் காலடி குறுகும், முழங்கால் பலகையில் இடிக்கும். கைப்பிடியை நீட்டும் வசதி உள்ள வண்டி என்றால் இது பாதி சரியாகும்.

பலகையில் கவனிக்க வேண்டியது கவிழ்வு. ஓர் உதாரணக் கணக்கு, பலகையின் சொந்தச் சக்கரம் தாங்கும் பங்கைச் சேர்க்காமல். ஒவ்வொரு எடையையும் பின் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள், எந்தப் பக்கத் தொகை கூடுதலோ அந்தப் பக்கம் வண்டி சாயும். வெறும் வண்டி 10 கிலோ, அதன் எடைமையம் பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால்: 300. கேரிகாட்டும் குழந்தையும் 7 கிலோ, 45 செ.மீ. முன்னால்: 315. ஆக முன்பக்கம் 615. பலகையில் 13 கிலோ, அச்சுக்கு 20 செ.மீ. பின்னால்: 260. கைப்பிடியில் 5 கிலோ பை, 40 செ.மீ. பின்னால்: 200. பின்பக்கம் 460. வண்டி நிற்கும். இப்போது அழுகிற கைக்குழந்தையை கேரிகாட்டோடு தூக்குங்கள். முன்பக்கம் 300, பின்பக்கம் 460. பலகையில் நிற்கும் குழந்தையோடு வண்டி மல்லாந்துவிடலாம். ஆகவே வரிசை இது: பிரேக் போடு, மூத்ததைப் பலகையிலிருந்து இறக்கு, கைப்பிடிப் பையை எடு, கடைசியில் கைக்குழந்தையைத் தூக்கு. ஏற்றும்போது நேர் எதிர் வரிசை. பின் அச்சுக்கு மேலேயோ பின்னாலோ மூத்தது உட்காரும் டேன்டம் வண்டிகளுக்கும் இதே விதிதான். முன்னால் நீண்ட டேன்டத்தில் ஆபத்து எதிர்ப்பக்கம்: மூத்தது தானாக ஏற நினைத்து முன் கால்பலகையில் மிதித்தால் வண்டி முன்னால் குப்புறச் சாயும். கனமான பைகள் எப்போதும் கீழ்க்கூடைக்கே.

சக்கர விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வழவழப்பான தரைக்கு ஈ.வி.ஏ. நுரைச் சக்கரம் போதும், பஞ்சர் கிடையாது. கல்லும் குழியுமான பாதைக்குக் காற்று டயர், அல்லது கெட்டி நுரை நிரப்பிய டயர். காற்று டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைப் பார்த்து மாதம் ஒருமுறை நிரப்பவும். இரண்டு குழந்தைகள் ஏறும்போது வண்டி கனப்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் காற்று குறைவுதான் காரணம். முன்சக்கரம் கிறீச்சிட்டால் அச்சைக் கழற்றி, சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் எடுத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அச்சை அராவும்.

மடிப்பு மூட்டு குழந்தை விரலுக்கு எமன். 2009இல் அமெரிக்காவில் ஒரு பிரபல மடக்கு ஸ்ட்ரோலரின் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்கு, மூட்டில் விரல் நுனி துண்டான சம்பவங்களால் மூட்டு உறை இலவசமாகத் தர வேண்டிவந்தது. இரண்டு குழந்தை வீட்டில் ஒன்று எப்போதும் பக்கத்தில் நிற்கும். விரிக்கவும் மடக்கவும் தொடங்கும் முன் மூத்ததை இரண்டு எட்டு தள்ளி நிற்கவையுங்கள். பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகு கைப்பிடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தபின்தான் உள்ளே உட்காரவைக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை: முழுதாகத் திறந்த கதவுக்கும் எதிர் நிலைக்கும் இடையிலுள்ள நிஜ இடைவெளி (கதவின் தடிமன் சில செ.மீ. தின்றுவிடும்), லிஃப்ட், கார் டிக்கியின் வாய், உள்நீளம். வண்டி அகலத்தோடு கூடுதலாக 3 செ.மீ.யாவது இருந்தால்தான் தினமும் விரல் முட்டி உரசாமல் போகலாம். கடையில் வெறும் வண்டியைத் தள்ளிப் பார்த்துப் பயனில்லை, வெறும் வண்டி எல்லாமே நன்றாக ஓடும். 6 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு ஒரு இருக்கையில், 4 லிட்டர் மறு இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டுங்கள். இரண்டு குழந்தைகளின் எடைக்கும் ஏறக்குறைய அது சமம். ஒரு கையால் திருப்புங்கள், ஒரு படி ஏற்றுங்கள், சரிவில் பிரேக் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். பிறகு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மடக்கிப் பாருங்கள், கைக்குழந்தை இடுப்பில் இருக்கும் நிலை அதுதான். இருக்கைகளைக் கழற்றினால்தான் மடங்கும் என்றால், கழற்றியவை டிக்கியில் எங்கே போகும் என்றும் யோசிக்க வேண்டும். டபுள் வண்டிகள் பல 12 முதல் 17 கிலோ வரை கனக்கும். படி ஏற வேண்டிய வீடு என்றால் இதுவே முடிவை மாற்றிவிடும். குழந்தைகளை இறக்கிவிட்டுத்தான் படியேற்ற வேண்டும். அப்போதும் பிடிக்க வேண்டியது சட்டத்தை, குழந்தைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியை அல்ல. அது கையோடு கழன்று வரக்கூடியது.

வெயிலுக்குக் கூரை ஆழமாக இறங்கும் வண்டியே நல்லது. போதவில்லை என்று மேலே துணி போர்த்தாதீர்கள், மெல்லிய துணிகூடக் காற்றை அடைத்து உள்ளே சூட்டைக் கூட்டிவிடும்.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை, டபுள் வண்டிகள் குறைந்த காலமே ஓடியிருக்கும். மடிப்பு மூட்டருகே விரிசல், ஐந்து முனை பெல்ட்டின் கொக்கி விழும் சத்தம், இரண்டு பின்சக்கரத்திலும் பிரேக் பிடிக்கிறதா, மெத்தைக்கு அடியில் பூஞ்சை ஆகியவற்றைப் பாருங்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றதா என்று தேடுங்கள். இரண்டாவது இருக்கைக்கான அடாப்டர்களை எண்ணி வாங்குங்கள். பழைய பதிப்பின் அடாப்டர் புதிய சட்டத்தில் சேராத மாடல்கள் உண்டு, அது இல்லாமல் வீட்டுக்குப் போனால் கையில் இருப்பது கனமான சிங்கிள் வண்டிதான்.