வாட்கின்ஸ் க்ளென்னா, ட்ரீமனா?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி நடக்க நினைத்தால், கடைசியில் இந்த இரண்டு மாநிலப் பூங்காக்களுக்குள்தான் தேர்வு வந்து நிற்கும்.

வாட்கின்ஸ் க்ளென்னின் பெருமையே அதன் பள்ளத்தாக்குதான். இரண்டரை கிலோமீட்டருக்குள் 19 அருவிகள், 800க்கும் மேற்பட்ட கல்படிகள். கேவர்ன் கேஸ்கேடில் பாதை அருவிக்குப் பின்னாலேயே போகிறது. பாறை சொட்டிக்கொண்டே இருக்கும், படி வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். முகாம் மேட்டில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது. கோடை வார இறுதியில் பாதை நிரம்பி வழியும், அதனால் காலையிலேயே இறங்கிவிடுங்கள். நாய்க்கு அந்தப் பாதையில் அனுமதி இல்லை.

இத்தாக்கா அருகிலுள்ள ராபர்ட் எச். ட்ரீமன் பூங்காவில் 115 அடி உயர லூசிஃபர் அருவி இருக்கிறது. முகாம் கீழ்ப்பகுதியில். நடந்து களைத்து வந்தால், கீழ் அருவியின் அடியிலேயே, கோடையில் உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் நீந்தலாம். தண்ணீர் சில்லென்று இருக்கும், பிள்ளைகளோ வெளியே வரவே மாட்டார்கள்! குடும்பத்தோடு இரண்டு இரவு என்றால் என் ஓட்டு ட்ரீமனுக்குத்தான். வாட்கின்ஸ் க்ளென்னை அங்கிருந்தே ஒரு காலையில் போய்ப் பார்த்துவிடலாம்.

இரண்டுக்கும் 9 மாதம் முன்பே முன்பதிவு திறக்கும். அப்புறம், விறகை உள்ளூரிலேயே வாங்குங்கள். பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோக இந்த மாநிலத்தில் தடை.