லைன் வீடா, பங்கு வீடா?

காரைக்குடியில் ஐந்து வீட்டு லைனில் நடுவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பள்ளத்தூரில் என் வீட்டுக்காரரின் ஐயா கட்டிய வீட்டில் எங்கள் புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி) பங்கு உண்டு. "அம்மாம் பெரிய வீடு பூட்டிக் கிடக்க, இந்தத் தீப்பெட்டிக்கு வாடகையா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை.

தீப்பெட்டிதான். இருபுறமும் பொதுச்சுவர், சன்னல் தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும் மட்டும். நடு அறையில் உச்சிப்பொழுதிலும் டியூப்லைட் எரியும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, வேகாத பருப்பில் சாம்பார் வைத்தவள் நான். இங்கே காலண்டருக்கு ஆணி அடித்தால் அங்கே சாமி படம் ஆடும். ஆனால் நடுவீட்டுச் சுவரில் வெயில் படாது. மேற்குக் கடைசி வீட்டில் சித்திரை மாதச் சாயங்காலம் சுவரில் கை வைக்க முடியாது. மொட்டை மாடி இறக்கும் சூடு மட்டும் ஐந்து வீட்டுக்கும் பொது.

பங்கு வீட்டில் சூடு என்ற பேச்சே இல்லை. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு, நடுவே வானம் பார்த்த முற்றம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அக்னி நட்சத்திரத்திலும் பாய் விரிக்காமல் படுக்கலாம். முகப்பில் நுழைந்து வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு தாண்டினால் அடுத்த தெரு. அத்தனையிலும் எங்களுக்கென்று இருப்பது வளவை ஒட்டிய அறைதான். மற்றதெல்லாம் எட்டுப் புள்ளிக்கும் பொது. ராத்திரி கழிப்பறைக்கு டார்ச்சோடு ஒரு யாத்திரை.

ஒழுக்கு வந்தால்தான் வித்தியாசம் தெரியும். லைன் வீட்டில் ஓனருக்கு ஒரு போன். முனகிக்கொண்டே நாலு நாளில் ஆள் அனுப்பிவிடுவார். அங்கே பத்து ஓடு மாற்றச் சென்னை, கோவை, சிங்கப்பூர் எல்லாம் சம்மதிக்க வேண்டும். ஏழு பேர் சரி என்றால் எட்டாவது பங்காளி, "படைப்புக்கு வரும்போது பேசிக்கலாம்" என்பார். படைப்பு என்றால் பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடுவது. படைப்பும் வந்து போனது, இரண்டு மழைக்காலமும் போயின. பர்மாத் தேக்குச் சட்டம் ஒன்று கறுத்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின; படமெடுக்க ஆள் வருகிறது, ஓடு மாற்றத்தான் வரவில்லை.

பள்ளிக்கூடம், வேலை என்று ஓடுகிறவர்களுக்கு லைன் வீடே தேவலை என்பேன். நடுவீடாகப் பிடியுங்கள். பொதுச்சுவர் 9 அங்குலமா, நாலரையா என்று கேளுங்கள். வீடு பார்க்கக் காலை ஏழரைக்குப் போங்கள், பக்கத்தில் மிக்சி ஓடுகிற நேரம்.