பழைய மாருதியின் ஏசிக்கு ஆர்-134ஏ: கோவைப் பட்டறை ஒன்றின் வேலை

ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, பழைய ஏசிகளின் குளிர்வாயுவான ஆர்-12 படிப்படியாகச் சந்தையை விட்டு மறைந்துவிட்டதால், 1992 மாடல் மாருதி 800 காரின் ஏசியை ஆர்-134ஏ வாயுவுக்கு மாற்ற, கோவையில் உள்ள சிறிய பட்டறை ஒன்றை நாடினேன். வேறு கடைகளில் பழைய கேஸை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினாலே போதும் என்றார்கள், அது சரியல்ல. ஆர்-12உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்-134ஏவில் கலக்காது என்பதால், அது குழாய்களில் தேங்கி, கம்ப்ரசர் எண்ணெயின்றித் தேய்ந்துபோகும். இங்கிருந்த மெக்கானிக்கோ கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, கறுத்துப்போன எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்துக் காட்டிய பிறகே, ஆர்-134ஏவுடன் கலக்கும் எஸ்டர் ஆயிலை ஊற்றினார். இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங்குகளையும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றி, உள்ளிருந்த காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு, கசிவில்லை என்பதற்குக் கேஜின் முள் நகரவில்லை என்பதை என்னையே பார்க்கச் சொன்னார். கேஸையும் எடைபோட்டு, பழைய அளவில் ஏறத்தாழ 85 விழுக்காடு மட்டுமே ஏற்றினார்.

வண்டி ஓடும்போது குளிர்ச்சியில் குறையில்லை. சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் சற்றுத் தளர்கிறது. அந்தச் சூட்டில் ஆர்-134ஏவின் அழுத்தம் கூடுதலாக ஏறுவதைப் வெப்பத்தை வெளியேற்றும் பழைய கன்டென்சரால் சமாளிக்க முடிவதில்லை. ஆர்-134ஏவுக்குப் பதிலாக நிரப்பக்கூடிய புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவை மலிவு, பழைய எண்ணெயுடனும் ஒத்துப்போகும். ஆனால் அது தீப்பற்றும் வாயு, கூலிங் காயிலோ டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. அதை நிரப்ப அவர் மறுத்துவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் ஆர்-12 கார்களில் அதை நிரப்பத் தடையே உண்டு.

பில்லில் உதிரிபாகங்களின் விலையைத் தனித்தனியே எழுதாதது குறைதான். எந்த கேஸ், எந்த ஆயில் என்ற விவரத்தை மட்டும் பானட்டின் உட்புறத்தில் ஸ்டிக்கராக ஒட்டித் தந்திருக்கிறார்கள்.