12 வயது, 35,000 கிலோமீட்டர்: பழைய பென்ஸ் இ250 சிடிஐ வாங்கலாமா?

டபிள்யூ212 எனப்படும் இ-கிளாஸ் தலைமுறை 2009-இல் வந்து 2016 வரை விற்பனையில் இருந்தது. அதன் இ250 சிடிஐ டீசல் மாடலில் இருப்பது 2,143 சிசி, இரட்டை டர்போ எஞ்சின்: 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டினாலும் முதுகு வலிக்காத கார். அதனால்தான் 'ஒரே ஓனர், 35,000 கி.மீ.' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பலர் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். கிலோமீட்டர் குறைவு என்றால் தேய்மானம் குறைவு, அவ்வளவுதான். ரப்பரும் ஆயிலும் கூலன்ட்டும் வண்டி நின்றாலும் வயதாகிக்கொண்டே இருக்கும்.

முதலில் அந்த 35,000 உண்மையா என்று பாருங்கள். மீட்டரைக் குறைப்பது எளிது, எல்லா இடத்திலும் குறைப்பதுதான் கடினம். சேஸிஸ் எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பதிவுகளை ஓனர் மூலம் கேட்டு வாங்குங்கள். இந்தக் கார் எவ்வளவு குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒரு சர்வீஸ் தேவை. ஆகவே 12 வயது காருக்கு ஏறக்குறைய 12 பதிவு இருக்க வேண்டும். நான்குதான் இருக்கிறது என்றால், முறையாகப் பராமரித்து 90,000 ஓடிய கார் அதைவிட நல்லது. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகி, ஓட்டுநர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் நசுங்கியிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். சென்ட்ரி (பென்ஸ் கார்களைச் சோதிக்கும் கருவி) ஸ்கேனர் வைத்திருக்கும் பென்ஸ் ஒர்க்‌ஷாப்பில் சாவித்துளை மாட்யூலில் பதிவான கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் வேறொரு நாள் போங்கள். இந்த எஞ்சினில் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் கரகரவென்று சத்தம் வந்தால் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கலாம். அதை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டியிருக்கலாம், அப்போது சாமானைவிடக் கூலியே பெரிதாக வரும். அடுத்து எஞ்சின் கவரைக் கழற்றி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடியில் பாருங்கள். தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்தால் செம்பு வாஷர் கசிகிறது. ஆரம்ப வரிசை எஞ்சின்களில் வந்த டெல்ஃபி பீசோ இன்ஜெக்டர்கள் பழுதாவதற்குப் பெயர் போனவை, பின்னர் சோலினாய்டு வகைக்கு மாற்றினார்கள். ஆரம்பகால வண்டி என்றால் இன்ஜெக்டர் மாற்றிய பில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

இந்தத் தலைமுறையில் திடீரென்று காலை வாருவது ஸ்டீயரிங் லாக். அதன் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் செத்தால் சாவி போட்டாலும் திரும்பாது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சாவி சில சமயம் இரண்டாம் முறைதான் திரும்புகிறது என்றால் அது முன்னறிவிப்பு. லிஃப்டில் ஏற்றி பின் சப்ஃபிரேமில் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) துரு இருக்கிறதா என்றும் பாருங்கள், கடற்கரை ஊர்களில் நின்ற காரில் இது முக்கியம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது.

விலைக்கு வருவோம். அதே ஆண்டு, அதே மாடல், 80,000 முதல் 1,00,000 ஓடி முழு சர்வீஸ் பதிவுள்ள கார்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று பாருங்கள், அதுதான் அடிப்படை. கிலோமீட்டர் குறைவு நிரூபணமானால் 10 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் தகாது. பிறகு கழிக்க வேண்டியது: நான்கு டயர், பேட்டரி, 6.5 லிட்டர் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும், பிரேக் திரவம், கூலன்ட், பெல்ட், எஞ்சின் மவுன்ட், முன் சஸ்பென்ஷன் புஷ். ஒர்க்‌ஷாப்பில் இதற்கு எஸ்டிமேட் எழுதி வாங்கி ஓனரிடம் காட்டுங்கள், பேரம் தானாக நடக்கும். இன்ஷூரன்ஸில் போட்டிருக்கும் மதிப்பை விலைக்குச் சான்றாக ஏற்காதீர்கள். ஐந்து வயது தாண்டிய காருக்கு அது இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் எண்.

வாங்குவதென்றால் 2013-இல் முகப்பு மாறிய பிறகு வந்த காரைத் தேடுங்கள். ஏழு கியர் ஆட்டோமேட்டிக் அதில் கிடைக்கும், ஆரம்ப வண்டிகளில் ஐந்து கியர்தான்.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல்களில் தனிக் கவனம் தேவை. 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கு அங்கே பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தடை விதித்தது, உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை உறுதி செய்தது. பதிவு உயிரோடு இருக்கிறதா என்று அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் பார்த்து, என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) கையில் வந்த பிறகே பணம் கொடுங்கள். தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆர்சி 15 ஆண்டுக்குத்தான், பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். உள்ளூர் கார் என்றால் பெயர் மாற்ற படிவம் 29, 30, கடன் இருந்திருந்தால் அது முடிந்ததைப் பதிய படிவம் 35. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.