ஆம்பு பையா, பாக்கெட் மாஸ்க்கா? தேவனாம்பட்டினம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு மாசி மகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கள் தன்னார்வக் குழுவின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து வைத்தோம். கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினத்தின் வெள்ளி கடற்கரைக்கு வந்து சேரும் அந்த ஒரு நாளில், அலையில் இறங்கும் கூட்டத்தைக் கரையிலிருந்து கவனிப்பதுதான் எங்கள் வேலை. மூச்சு நின்றவருக்குக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பை ஒன்று பெட்டியில் இருந்தது; அதன் முகமூடி காற்றிழந்து தொங்கிப்போயிருந்தது. புதிய பை வாங்குவதா, அதே பணத்தில் இரண்டு பாக்கெட் மாஸ்க் (ஒருவழி வால்வு வழியாக நாம் வாயால் ஊதும் சிறு முகமூடி) வாங்குவதா என்று இரண்டு மாலைகள் பேசினோம். பாக்கெட் மாஸ்க்கை வாங்கினோம். எங்களைப் போன்ற குழுவுக்கு அதுவே சரியென்று இன்றும் நினைக்கிறேன். இந்த அலசலில் அந்தச் சாய்வு இருக்கும்.

மூச்சு கொடுக்கும் கருவி எதற்கு, மார்பை அழுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. திடீரென்று மாரடைத்து விழும் பெரியவருக்கு, பயிற்சி பெறாத பொதுமக்கள் மார்பு அழுத்தத்தை மட்டும் செய்தால் போதும் என்ற முறையை இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2017இல் வகுத்துத் தந்தது. அவருடைய இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சமிருப்பதால் அது பொருந்துகிறது. நீரில் மூழ்கியவரின் நிலை வேறு. அவருக்கு முதலில் தீர்ந்துபோனது ஆக்சிஜன்தான். இதயம் அதன் பிறகே நின்றிருக்கும். ஆகவே மூச்சு கொடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும், பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று தொடர வேண்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் கரையோரங்களில் இன்னும் நடக்கின்றன; அதில் கிடைப்பது பெரும்பாலும் வாந்திதான், இழப்பது நேரம்.

ஆம்பு பையின் நன்மைகள் பலருக்கும் தெரிந்தவை. வாயை நோயாளியின் அருகில் கொண்டுபோக வேண்டியதில்லை. வெளிக்காற்றின் 21 சதவீத ஆக்சிஜன் அப்படியே உள்ளே போகிறது. சிலிண்டரும், அதன் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் சேமிப்புப் பையும் இணைத்தால் ஏறக்குறைய முழு ஆக்சிஜனே கொடுக்கலாம். நாம் ஊதும் மூச்சில் இருப்பது 16 அல்லது 17 சதவீதம்தான். 1956இல் டென்மார்க்கில் இந்தப் பை உருவானதிலிருந்து மருத்துவமனையிலும் ஆம்புலன்சிலும் இது இல்லாத இடமில்லை. எங்களிடம் சிலிண்டர் கிடையாது என்பதால், இந்தப் பெருமைகளில் பாதி எங்களுக்கு உதவவில்லை.

கையாளும் விதத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. பையைப் பிடிப்பவர் நோயாளியின் தலைமாட்டில் மண்டியிட்டு, ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முகமூடியை அழுத்தி, மற்ற மூன்று விரல்களால் தாடையை மேலே தூக்கி, மறு கையால் பையை அமுக்க வேண்டும். ஈர முகமும் தாடியும் மணலும் சேர்ந்தால் ஒரு கைப் பிடியில் விளிம்பு வழியாகக் காற்று கசிந்துவிடும். இதனால்தான் ஒருவர் இரு கையாலும் முகமூடியைப் பிடிக்க, இன்னொருவர் பையை அமுக்குவதே நல்ல முறை என்று பயிற்சியில் கற்பிக்கிறார்கள். மார்பை அழுத்துபவரையும் சேர்த்தால் மூன்று பேர். பெரியவர்களுக்கான பை ஒன்றரை லிட்டர் அளவு கொள்ளும். ஒரு மூச்சுக்குத் தேவை 500 முதல் 600 மில்லிலிட்டர்தான். பதற்றத்தில் முழுப் பையையும் பிழிந்தால் மிச்சக் காற்று வயிற்றுக்குள் போய், உள்ளே இருப்பதை மேலே தள்ளும். பாக்கெட் மாஸ்க் வைத்திருப்பவர் நோயாளியின் பக்கவாட்டிலேயே இருந்து இரு கையாலும் அதைப் பொருத்தி, ஒரு விநாடி ஊதி, மார்பு உயர்கிறதா என்று பார்த்துவிட்டு, இடம் மாறாமல் அழுத்தத்துக்குத் திரும்பலாம். எங்கள் காவல் முறையில் ஒரு நேரத்துக்கு இருவர்தான்; அவர்களில் ஒருவர் 108க்குப் பேசிக்கொண்டிருப்பார் அல்லது கூட்டத்தை விலக்கிக்கொண்டிருப்பார்.

ஆயினும் என்னை முடிவாக ஒரு பக்கம் சாய வைத்தது பராமரிப்பு. ஆம்பு பை பார்வைக்கு ஒரே பொருள். பிரித்துப் பார்த்தால் காற்றை உள்ளிழுக்கும் வால்வு, நோயாளியின் பக்கமுள்ள வால்வு, சேமிப்புப் பை, முகமூடியின் காற்றுமெத்தை என்று பல உறுப்புகள். வால்வுக்குள் இருக்கும் மெல்லிய இதழ்தான் காற்று எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த இதழுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில், நான் நன்றாக அமுக்கியும் பயிற்சிப் பொம்மையின் மார்பு அசையவே இல்லை. என் பிடியைக் குறை சொல்லிக்கொண்டே நான்கைந்து முறை முயன்ற பிறகுதான் பையைக் கழற்றினோம். முந்தைய முறை கழுவி உலர்த்திய நாங்களே வால்வின் இதழைத் திருப்பிப் பொருத்தியிருந்தோம், அதில் மணலும் இருந்தது. பொம்மையாக இருந்ததால் சிரித்துவிட்டுப் போனோம்.

பையைச் சோதிக்கும் முறை எளிதுதான். நோயாளியின் பக்கத் திறப்பை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு பையை அமுக்கினால் அது எதிர்த்து நிற்க வேண்டும். கையை விட்டால் உடனே பழைய வடிவுக்கு உப்ப வேண்டும். முகமூடியின் மெத்தையில் காற்று இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். மருத்துவமனையில் இதற்கென்று பணியாளர்கள் இருக்கிறார்கள். மீன் ஏலத்துக்கும் வலை பின்னவும் கல்லூரிக்கும் போய்வரும் இளைஞர்கள் நடத்தும் குழுவில், "போன வாரம் நீ பார்த்தாய் என்று நினைத்தேன்" என்ற பேச்சுதான் அதிகம் கேட்கும். மேலும், மலிவான பிளாஸ்டிக் பையை மடக்கித் திணித்து வைத்தால் மடிப்பு விழுந்து இறுகிவிடுகிறது. சிலிகான் பை அந்த வகையில் மேல்.

கருவியோடு கையையும் பராமரிக்க வேண்டும் என்பது இன்னொரு செலவு. ஒரு கைப் பிடியை மூன்று மாதம் பழகாமல் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தபோது எனக்கே காற்று கசிந்தது. பாக்கெட் மாஸ்க்கில் அதே இடைவெளிக்குப் பிறகும் முதல் மூச்சிலேயே பொம்மையின் மார்பு உயர்ந்தது. பயன்படுத்திய பின் அதன் ஒருவழி வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, முகமூடியைக் கழுவி, தயாரிப்பாளர் சொல்லும் கிருமிநாசினியில் ஊறவைத்து உலர்த்தி, புது வால்வைச் செருகினால் முடிந்தது. கெட்டியான பெட்டிக்குள் இருப்பதால் மணலும் உப்புக்காற்றும் எளிதில் அண்டுவதில்லை. மாற்று வால்வு கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பாக்கெட் மாஸ்க்கின் குறைகளையும் சொல்ல வேண்டும். நெடுநேரம் ஊதினால் ஊதுபவருக்குத் தலை சுற்றும். அழுத்துபவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும்போது ஊதுபவரையும் மாற்றிவிடுவது நல்லது. நடுவில் வால்வு இருந்தும், நுரை வழியும் முகத்தருகே வாயைக் கொண்டுபோகத் தயங்குபவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாந்தி வந்தால் இரண்டு கருவியும் ஒன்றுதான்: கழற்றி, ஒருக்களித்து, வாயைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும். குழந்தைகளைப் பற்றி நான் அழுத்திப் பேச முடியாது. கைக்குழந்தைக்கு அதே முகமூடியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பொம்மையில் பழகியிருக்கிறேன், அவ்வளவே. உயிருள்ள மனிதரிடம் நான் பாக்கெட் மாஸ்க்கைப் பயன்படுத்தியதும் ஒரே முறைதான், அவர் பெரியவர். சில மூச்சுகளிலேயே இருமத் தொடங்கிவிட்டார். அவரிடம் நாடித்துடிப்பு நிற்கவே இல்லை. எனவே அதை வைத்துக் கருவியின் பெருமையை நான் நிறுவ முடியாது.

எந்தக் கருவியானாலும் அதை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, 10 விநாடிக்கு மேல் போகாமல் மூச்சைக் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சென்று எண்ணி ஏமாறக் கூடாது. மூச்சு திரும்பியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஈரத்துணியை அகற்றிப் போர்த்த வேண்டும். அவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், நுரையீரலில் போன நீரின் விளைவு சில மணி நேரம் கழித்துத் தெரியலாம் என்பதால் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்பவரோடு வாதாடுவதுதான் எங்கள் வேலையில் மிகக் கடினமானது.

ஆறேழு பேர் எப்போதும் உடனிருக்கும் குழு, ஆக்சிஜன் சிலிண்டர், மாதாமாதம் கருவிகளைச் சோதிக்கும் பொறுப்பாளர் ஆகிய மூன்றும் உள்ளவர்கள் தயங்காமல் ஆம்பு பையை வாங்கலாம். எங்கள் பழைய பைக்கும் புது முகமூடி மாட்டி, மாசி மகத்தன்று மட்டும் வெளியே எடுக்கிறோம். அன்றைக்குத்தான் எங்களுக்கு ஆள் சேருகிறது. பாக்கெட் மாஸ்க்கில் ஒன்று காவல் கூடாரத்தில் தொங்குகிறது. மற்றொன்று கடற்கரைத் தேநீர்க் கடை அண்ணனின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரையும் பொம்மையின் முன் மண்டியிட வைத்துப் பழக்கிவிட்டோம்.