வீட்டுக் கணினியில் பிஎச்பி: எக்ஸாம்புடன் நெடுநாள் குடித்தனம்

வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி ஓடவில்லை என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிஎச்பியில் எந்தக் கோளாறும் இருக்காது. பக்கத்தில் இருக்கும் அப்பாச்சி என்ற வலை சர்வரோ, தரவுத்தளமோ, விண்டோஸோ, கோப்பைச் சேமித்த எடிட்டரோ முரண்டு பிடித்திருக்கும். பழி மட்டும் பிஎச்பி மேல் விழும்.

எங்கள் ஊர்க் கோயிலின் தலைக்கட்டு வரிக் கணக்கைப் பல ஆண்டுகளாக வீட்டுக் கணினியில் பிஎச்பி கொண்டுதான் பார்த்து வருகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தொடங்கிய வேலை, இப்போது விண்டோஸ் 11-இல் ஓடுகிறது. குடும்பத் தலைவர் பெயர், தெரு, வரி, கட்டிய தேதி, ரசீது எண், அவ்வளவுதான் கணக்கு. இதற்கு எக்செல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தை மாதத்தில் வரி வசூலிக்கும் நாளில் மூன்று பேர் மூன்று கைபேசிகளிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும், ரசீது எண் இரட்டிக்கக் கூடாது. அதற்குத் தரவுத்தளம்தான் சரி.

அப்பாச்சி, மரியாடிபி என்ற தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் என்ற இன்னொரு நிரல்மொழி ஆகியவற்றை ஒரே பொதியில் தருவது எக்ஸாம்ப். 2002-இல் ஜெர்மனியில் பிறந்தது. அந்தப் பிறப்பின் தழும்பு இன்னும் அதில் இருக்கிறது: பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐ-இல் நேர மண்டலம் பெர்லின் என்றே எழுதப்பட்டிருக்கும். தை மாதக் காலை பத்து மணிக்கு வாங்கிய பணத்துக்கு அதிகாலை ஐந்தரை மணி என்று ரசீது அச்சாகும். அதை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றிவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்க வேண்டும். தொடங்காமல் விட்டால் மாற்றம் நடைமுறைக்கு வராது. கோப்பைத் திருத்தியும் ஒன்றும் மாறவில்லை என்பவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, சர்வரை மறுபடி தொடங்கினார்களா என்பது. மற்றொன்று, திருத்திய கோப்பைத்தான் பிஎச்பி படிக்கிறதா என்பது. கணினியில் பழைய நிறுவல்களின் எச்சமாக இரண்டு மூன்று பிஎச்பி.ஐஎன்ஐ கோப்புகள் கிடக்கும். பிஎச்பி தன் அமைப்புகளைத் தானே காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைத் திறந்தால், எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்று முழுப் பாதையோடு சொல்லும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள ஒற்றை வரி பிஎச்பியில் இல்லை.

வலை சர்வர் பயன்படுத்தும் வாசல் எண்ணான போர்ட் 80-இன் தகராறு பழைய கதை. அப்பாச்சி தொடங்கியதும் அணைந்துவிடும். எக்ஸாம்பின் கட்டுப்பாட்டுப் பலகை, போர்ட் 80-ஐ எண் 4 கொண்ட செயல் பிடித்திருக்கிறது என்று சிவப்பில் காட்டும். அந்த 4 விண்டோஸேதான். பெரும்பாலும் ஐஐஎஸ் என்ற அதன் சொந்த வலை சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். சேவைகள் பட்டியலில் போய் அதை நிறுத்தலாம். நான் அந்த வம்புக்கே போவதில்லை. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் 80 என்பதை 8080 என்று மாற்றிவிடுவேன். முகவரியில் கூடுதலாக நான்கு இலக்கம் தட்ட வேண்டும், அவ்வளவுதான் நட்டம். கைபேசியிலிருந்து பக்கம் திறக்கவில்லை என்றால், வைஃபை இணைப்பைப் பொது வலையமைப்பு என்று விண்டோஸ் வகைப்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஃபயர்வால் வெளியாளை உள்ளே விடாது.

உண்மையான தலைவலி தரவுத்தளம். மின்சாரம் போகும், யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருக்கும், கணினி பொத்தென்று அணையும். மறுபடி திறந்தால் மைஎஸ்கியூஎல் எதிர்பாராமல் நின்றுவிட்டது என்ற அறிவிப்பு. (உள்ளே இருப்பது மரியாடிபி, பலகையில் பழைய பெயரே நிற்கிறது.) 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அறிவிப்பு எவ்வளவு பரிச்சயமாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த இடத்தில் பலரும் செய்வது, எக்ஸாம்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. தரவுக் கோப்புறையும் சேர்ந்து போய்விட்டால் கணக்கும் போயிற்று. பல ஆண்டு வரி விவரம் ஒரு சொடுக்கில் காணாமல் போகும்.

முதலில் செய்ய வேண்டியது, மைஎஸ்கியூஎல் கோப்புறைக்குள் இருக்கும் டேட்டா கோப்புறையை அப்படியே வேறு டிரைவுக்கு நகலெடுப்பது. அதன் பிறகுதான் எதையும் தொட வேண்டும். அடுத்து அந்த டேட்டாவுக்குள்ளேயே இருக்கும் பிழைப் பதிவேட்டை நோட்பேடில் திறந்து கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். போர்ட் 3306-ஐ வேறொரு தரவுத்தளம் பிடித்திருந்தால் அங்கேயே தெரியும். அதற்கு வைத்தியம் வேறு. அமைப்பு அட்டவணைகள் சிதைந்துவிட்டன என்றோ, அரியா பதிவுக் கோப்பைப் படிக்க முடியவில்லை என்றோ இருந்தால், இந்த முறை பெரும்பாலும் கைகொடுக்கும்: டேட்டா கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கள். பக்கத்திலேயே பேக்கப் என்ற கோப்புறை நிறுவலோடு வந்திருக்கும். அதை நகலெடுத்து, நகலுக்கு டேட்டா என்று பெயரிடுங்கள். பழையதிலிருந்து உங்கள் சொந்தத் தரவுத்தளங்களின் கோப்புறைகளையும் ஐபிடேட்டா1 என்ற கோப்பையும் மட்டும் புதியதற்குள் போடுங்கள். மைஎஸ்கியூஎல், பர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயர்களில் உள்ளவற்றைத் தொட வேண்டாம். ஐபிடேட்டா1-ஐ விட்டுவிட்டால், அட்டவணைகளின் பெயர்கள் பட்டியலில் தெரியும். திறந்தால் அப்படி ஒரு அட்டவணையே இல்லை என்று பதில் வரும். உயிர் அந்தக் கோப்பில் இருக்கிறது.

இதெல்லாம் நோய் வந்த பின் பார்க்கும் மருத்துவம். வாரம் ஒருமுறை மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளையால் நகல் எடுக்கும்படி விண்டோஸின் பணி அட்டவணையில் ஏற்பாடு செய்திருக்கிறேன். இதிலும் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், அது யுடிஎஃப்-16 என்ற வேறு எழுத்துக் குறிமுறையில் எழுதும். தமிழ்ப் பெயர்கள் வழியிலேயே சிதையும். கோப்பின் அளவைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கும். ரிசல்ட்-ஃபைல் என்ற தேர்வைக் கொடுத்து நேரடியாகக் கோப்பில் எழுதச் சொல்ல வேண்டும். நகல் எடுத்ததும் ஒரு முறையாவது திறந்து நாலு பெயரைப் படித்துவிடுங்கள்.

தமிழ் என்றதும் சொல்ல நிறைய இருக்கிறது. பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்தால் ஒரு நோய், ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாக வந்தால் வேறு நோய். கேள்விக்குறி என்றால், லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துத் தொகுதியில் உருவாக்கிய அட்டவணையில் தமிழைத் திணித்திருக்கிறீர்கள். எழுத்துகள் சேமிக்கப்படும்போதே தொலைந்துவிட்டன, திரும்ப வரா. குப்பையாகத் தெரிந்தால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். பேசும் இணைப்பின் எழுத்துத் தொகுதிதான் தவறு. அட்டவணை, இணைப்பு இரண்டையும் எல்லா மொழிகளையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 ஆக வைத்துவிட்டால் புதிதாகப் பதிவாகும் பெயர்களுக்கு இரண்டு நோயும் வராது.

அடுத்தது நீளம். ரசீதுத் தாள் குறுகியது, நீண்ட பெயர்களை வெட்ட வேண்டும். முத்து என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பிஎச்பியின் ஸ்டிரிங்லென் 18 என்கிறது, ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. எம்பி_ஸ்டிரிங்லென் 6 என்கிறது. அது யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது, உகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. சாதாரண வெட்டுக் கட்டளையில் பத்து பைட்டில் நிறுத்தினால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். எம்பி வகையில் ஐந்தில் நிறுத்தினால் 'முத்த' என்று அச்சாகும். கோயில் வரி கட்டிய பெரியவரிடம் அந்த ரசீதை யார் நீட்டுவது? கிராஃபீம் என்று தொடங்கும் கட்டளைகள்தான் மூன்று என்று சரியாகச் சொல்லும். அவை இன்ட்ல் (intl) என்ற நீட்சியில் இருக்கின்றன. எக்ஸாம்பில் அதன் முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு முடக்கி வைத்திருப்பார்கள். அரைப்புள்ளியை நீக்கினால் போதும்.

அகர வரிசையும் நம்முடையது போல் வராது. யுடிஎஃப்8எம்பி4_ஜெனரல் வரிசையில் யூனிகோடு எண்தான் அளவுகோல். அதன்படி ஜெயராமன், தங்கராசுக்கு முன்னால் வந்து நிற்பார். கையெழுத்துப் பேரேட்டில் கிரந்த எழுத்துகள் கடைசியில். கணக்குப்பிள்ளை அப்படித்தான் தேடுவார் என்பதால் வரிசை எண்ணுக்குத் தனியாக ஒரு பத்தி சேர்த்துவிட்டேன்.

நோட்பேடில் எழுதுபவர்களுக்கு ஒன்று. பழைய நோட்பேட் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை வைக்கும். "தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன" என்று முதல் வரியைக் காட்டியே பிஎச்பி குற்றம் சாட்டினால் காரணம் பெரும்பாலும் அதுதான். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் அந்தப் பழக்கம் மாறிவிட்டது.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ஒரு நாள் தொலைபேசியில், "மாமா, உலாவியில் நிரல் அப்படியே எழுத்தாகத் தெரிகிறது, எக்ஸாம்பை நீக்கிவிட்டு மறுபடி போடட்டுமா?" என்று கேட்டான். முகவரிப் பட்டையில் முதல் சொல் என்ன என்று மட்டும் கேட்டேன். ஃபைல் என்றான். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்திருக்கிறான். சர்வர் வழியாகப் போகவே இல்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டித் திறந்தும் நிரலே தெரிந்தால், தொடக்கக் குறி வெறும் <? என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல அமைப்புகளில் அந்தச் சுருக்கம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

பதிப்பு மாற்றங்களில் பெரிய அடி 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7. தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளை அது அடியோடு எடுத்துவிட்டது. அது உரக்கச் சொல்லிவிட்டுச் செய்த காரியம், பிழைச் செய்தி உடனே வரும், மாற்றி எழுதிவிடலாம். 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8-இன் மாற்றம் ஓசையில்லாதது. தொகைப் பத்தியில் பணம் கட்டாதவர்களுக்கு 'நிலுவை' என்று எழுதியிருக்கும். பிஎச்பி 7 வரை அந்தச் சொல்லைப் பூஜ்யத்தோடு இரட்டைச் சமக்குறியில் ஒப்பிட்டால் சமம் என்று வரும். 8-இல் சமமில்லை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நிலுவைப் பட்டியல் காலியாகிவிடும். ஊரே வரி கட்டிவிட்டது போல இருக்கும். பதிப்பை உயர்த்துவதற்கு முன் பழைய பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, உயர்த்திய பின் ஒப்பிடுங்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு எக்ஸாம்பைப் பரிந்துரைப்பேனா? தரவுத்தளம் வேண்டுமென்றால், ஆம். வெறும் பிஎச்பி பழக மட்டும் என்றால் தேவையில்லை. 2012-இல் வந்த 5.4 முதல் பிஎச்பிக்குள்ளேயே ஒரு சிறிய சோதனைச் சர்வர் இருக்கிறது, ஒற்றை வரிக் கட்டளையில் எழுந்துவிடும். நான் பயன்படுத்தும் எக்ஸாம்ப் பிஎச்பி 8.2-ஐச் சுமந்து வருகிறது. அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 டிசம்பர் வரைதான். வீட்டு வைஃபைக்குள் ஓடுகிற கணக்குக்கு அது பெரிய கவலை இல்லை. ஆனால் தரவுத்தளத்தின் ரூட் என்ற தலைமைப் பயனர் கணக்கு கடவுச்சொல் இல்லாமல் வருவதால், ரவுட்டரில் போர்ட் திறந்து இதை இணையத்துக்குக் காட்டுவது கூடவே கூடாது.

இணையத்தில் நன்கொடையாளர் பட்டியல் போட வேண்டும் என்று விழாக் குழு கேட்டபோது, அந்தப் பக்கங்களை மட்டும் வாடகைச் சர்வருக்கு மாற்றினேன். வீட்டில் ஓடியதெல்லாம் அங்கே பாதி ஓடவில்லை. விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். இப்போது எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்தில்தான் பெயர் வைக்கிறேன்.