ஒத்தக்கடையில் ஒரு சட்ட ஆலோசனை: வழக்குப் போடாமல் திரும்பிய அனுபவம்

மேலூர் வட்டத்தைச் சேர்ந்த கண்மாய்ப் பாசனதாரர்கள் பதினோரு பேர் சேர்ந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அருகே ஒத்தக்கடையில் இயங்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி ஆலோசனை பெற்றோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

நாங்கள் கொண்டுபோன கேள்வி ஒன்றுதான். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம் 2023 ஏப்ரலில், சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமின்றிக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாகச் செய்தித்தாள்களில் படித்திருந்தோம். நீர்நிலைகள் அடங்கிய நிலப்பரப்பைப் பெரிய திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் என்பதால், கண்மாய்த் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர்களுக்கு அது உறுத்துவது இயல்பு. சட்டத்தை நிறைவேற்றிய முறையையே எதிர்த்து வழக்குத் தொடர இன்னும் காலம் இருக்கிறதா என்று கேட்டோம்.

மூத்த வழக்கறிஞர் நாள்கணக்கை முதலில் தீர்த்துவைத்தார். தேர்தல் வழக்குக்கு 45 நாள் என்பதுபோல் ஒரு கெடு இதற்குக் கிடையாது. அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின்கீழ்த் தாக்கல் செய்யும் ரிட் மனுவை, அதாவது உயர் நீதிமன்றத்திடம் நேரடியாக ஆணை கேட்கும் மனுவை, 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் காரணமில்லாமல் தாமதித்தவருக்கு நிவாரணம் மறுக்கும் விருப்புரிமை நீதிமன்றத்துக்கு உண்டு. செலுத்திய விற்பனை வரித் தொகையைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கேட்டு வந்த திலோக்சந்த் மோதிசந்த் நிறுவனத்தை, அறுபதுகளின் இறுதியில், தாமதத்தைக் காட்டியே உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பியதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

அதன்பின் அவர் சொன்னதுதான் எங்கள் பணத்துக்கு உரிய பதில். "காலம் போயிருச்சான்னு கேக்கிறீங்க. மறுநாளே வந்திருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்" என்றபடி 212-ஆவது உறுப்பைப் படித்துக் காட்டினார். நடைமுறையில் ஒழுங்குக் குறைவு இருந்தது என்ற காரணத்தை மட்டும் வைத்து மாநிலச் சட்டமன்ற நடவடிக்கையின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்த முடியாது. நாடாளுமன்றத்துக்கு 122-ஆவது உறுப்பு இதையே சொல்கிறது. விவாதம் நடக்கவில்லை, அவசரமாக முடித்தார்கள் என்ற எங்கள் ஆதங்கம் முழுவதும் அந்த ஒழுங்குக் குறைவு என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டது. எங்களுக்கு அது கசப்பாகவே இருந்தது.

அரசியலமைப்பையே மீறிய செயலுக்கு இந்தக் காப்பு கிடையாது என்று ராஜாராம் பால் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியதையும், ஆதார் சட்டத்தை, வரி, அரசுச் செலவு போன்றவற்றைப் பற்றி மட்டுமே இருக்க வேண்டிய பண மசோதாவாகக் கொண்டுவந்தது சரியா என்பதை 2018-இல் நீதிமன்றம் ஆராய்ந்ததையும், 2019-இல் பண மசோதா பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டதையும் விளக்கினார். எங்களிடம் அந்த வகை வாதம் எதுவும் இல்லை. சட்டத்தின் உள்ளடக்கம் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று காட்ட முடிந்தால் அது தனி வழக்கு என்றும், அங்கே தாமதம் இவ்வளவு பெரிய தடையாகாது என்றும் சொன்னார். ஆளுநர் வழக்கில் கெடு விதித்தார்களே என்று எங்களில் ஒருவர் குறுக்கிட்டார். அது மசோதாவுக்கு ஒப்புதல் தருவதற்கான கெடு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் விதித்ததை, நீதிமன்றம் அப்படி விதிக்க இயலாது என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கருத்துரைத்துவிட்டார்கள் என்று பொறுமையாகத் திருத்தினார்.

ஜூனியர் வழக்கறிஞர் ஒருவர் கூடுதலாகச் சொன்ன செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துருக்கியில் சட்டம் நிறைவேறிய முறையை எதிர்க்க வெளியீட்டிலிருந்து பத்தே நாள்தான், அதுவும் குடியரசுத் தலைவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்களுக்கும் மட்டும், கொலம்பியாவில் ஓராண்டு, இலங்கையிலோ மசோதாவாக இருக்கும்போதே எதிர்க்க வேண்டும், சபாநாயகர் சான்றளித்த பிறகு வாயே திறக்க முடியாது. நமக்குக் கெடு இல்லை என்று மகிழ்வதா, வாய்ப்பே ஒடுங்கியது என்று வருந்துவதா என்று பேருந்தில் திரும்பும்போது பேசிக்கொண்டே வந்தோம்.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன எழுத்துபூர்வமான கருத்துரை இருபத்து நான்காம் நாள்தான் வந்தது. தாமதம் வழக்கைக் கெடுக்கும் என்று விளக்கிய அலுவலகத்துக்கு இது அழகில்லை. அதுவும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகளைப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டியதாயிற்று. வக்காலத்தில் இப்போதே கையெழுத்துப் போட்டு வைக்கலாமே என்று குமாஸ்தா வாசலில் வைத்து வற்புறுத்தியதையும் நான் ரசிக்கவில்லை. மூத்தவர் உள்ளே சொன்னதற்கு அது நேர்மாறு.

கட்டணம் நான்காயிரம் ரூபாய். ஆளுக்கு நானூறுகூட வரவில்லை. தோற்கும் வழக்குக்குச் செலவிட்டிருக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால் இது குறைவே. போக நினைப்பவர்கள் சட்டம் வெளியான அரசிதழ்ப் பிரதியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; நாங்கள் செய்தித்தாள் நறுக்குகளோடு போய் முதல் அரை மணி நேரத்தை வீணாக்கினோம். கருத்துரையைத் தமிழில் வேண்டும் என்று பணம் கட்டும்போதே எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது.